சிலுவை போட்டு எழுதினது

மிச்சம், லண்டன்
16.04.2023

அன்புத் தங்கச்சி றோஸ்மலருக்கு,

அண்ணை அருள்நேசன் எழுதிறன். நானும் மகள் ஷெறோனும் உன்ர மகன் ஜெனோசனும் சுகமா இருக்கிறம். உன்ர முழங்கால் நோ எப்பிடி? பாஸ்குப் பூசை வடிவா முடிஞ்சுதோ?

இந்தக் காலத்தில அண்ணை பேனை பிடிக்கிறார் எண்டு சிரிப்பாய். சிரி. வாட்ஸ்அப்பில எடுத்தா உன்ர போனை ஆராவது ஸ்பீக்கரில போட்டிடுகினம், வளவுக்குள்ள இருக்கிற அத்தனை வீடும் கூடி நிண்டு கேக்குது. காலஞ்சென்ற உன்ர மனுசன்ர தம்பி கிறிஸ்துராஜா இடையில பூந்து எனக்கு உபதேசம் வேற. அதால தான் கடிதம். பஸ் கராஜ் கன்ரீனில, அடுத்த பஸ்ஸை ஓட்ட எடுக்க முதல் எழுதிறன்.

ஜெனோசன் அகதியெண்டு போட்ட அசைலம் கேஸை ஹோம் ஒபிஸ் மறுத்துப்போட்டுது. தலையில கை வைக்காதை. அப்பீல் போட்டிருக்கு, நவம்பரில கோர்ட். அதில தோத்தா ஊருக்கு அனுப்பிப்போடுவாங்கள், அது தான் என்ர பயம். இப்ப இரண்டு கிழமைக்கு ஒருக்கா குறொய்டனுக்குப் போய் ஹோம் ஒபிஸில சைன் வைக்கிறான். நானும் டிராமில கூடப் போறன். உள்ளுக்குப் போறவன் திரும்பி வாறானோ, அப்பிடியே பிடிச்சு வைக்கிறாங்களோ எண்டு வாசலிலயே காவல் நிப்பன்.

இனி நான் கேக்கிறதை விசர்க் கதை எண்டு நினையாதை. ஆம்பிளையும் ஆம்பிளையும் சேந்து வாழுறது குற்றமில்லை எண்டு கொழும்பில சட்டம் கொண்டு வரப் பாக்கிறாங்கள் எல்லே. அதுக்கு எதிரா உங்கட ஊரில ஊர்வலம் போனதாம். ஆர் பேசினது, என்ன பேசினது, ஒண்டும் விடாமல் எழுது. கேஸ் பாக்கிற லோயர் பிள்ளைக்கு ஊர் நிலவரம் வேணுமாம்.

அன்போட,
அண்ணை

✝
இயேசு, மரி, சூசை துணை

மன்னார்
06.05.2023

அன்புள்ள அண்ணைக்கு,

மாதாவின்ர கிருபையால இஞ்ச எல்லாரும் சுகம். உங்கட சுகத்துக்கும் பிள்ளையளின்ர சுகத்துக்கும் ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுறன். முழங்கால் நோ என்னோட தான் மோட்சத்துக்கு வரும் போல.

முதல் ஒரு சண்டை. லண்டன் போனாப் பிறகு கடிதத்துக்கு மேல சிலுவை போடுறதை விட்டிட்டியள். அம்மா என்ன சொல்லித் தந்தவ? சிலுவை போட்டு எழுதினதில பொய் இருக்கப்படாது. பொய் எழுதிறதெண்டா சிலுவை போடப்படாது. மறந்து போனியளோ, பெரிய லண்டன்காரன்?

கேஸ் விசயம் கேட்டதில இருந்து சோறு இறங்கேல்லை. ஆமிப் பிரச்சினை எண்டு தானே பிள்ளை குடுத்தவன்? அதுக்கும் ஊர்வலத்துக்கும் என்ன தொடுப்பு? சரி, கேட்டியள், எழுதிறன்.

நல்ல சனம் அண்ணை. கோயில் முத்தத்தில துவங்கிக் கடற்கரை மட்டும் போனம். பங்குச் சுவாமி பேசினவர், பிறகு கோயில் மூப்பர் எண்ட முறையில கிறிஸ்துராஜா மைக் பிடிச்சவர். "கொழும்பில ஆயிரம் சட்டம் வரட்டும், எங்கட கோயில் எல்லைக்குள்ள அப்பிடி ஒண்டு கால் வைக்கேலாது. என்ர வளவில அப்பிடி ஒண்டு பிறந்திருந்தா நானே கிணத்துக்க தள்ளியிருப்பன்" எண்டார். சனம் கை தட்டினது. நானும் தட்டினன். வெயிலில வந்த பிள்ளையளுக்குத் தேசிக்காய்த் தண்ணி கரைச்சுக் குடுத்தது நான் தான். எல்லாரும் என்னை மெச்சினவை. கடைசியில "அப்பிடிப்பட்டவர்கள் மனந்திரும்ப வேணும்" எண்டு முழங்காலில நிண்டு செபிச்சம்.

லோயர் பிள்ளைக்கு இது காணுமோ? ஜெனோசன்ர குரல் ஏன் மெலிஞ்சு கிடக்கு? சாப்பிடுறானோ?

உங்கட அன்புத் தங்கச்சி
றோஸ்மலர்

மிச்சம்
29.05.2023

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைச்சுது. எல்லாரும் சுகம். முழங்காலுக்கு எண்ணெய் ஒண்டு பாசலில போட்டிருக்கிறன், இரண்டு நேரமும் பூசு.

நீ எழுதினது காணும், நல்லாவே காணும். லோயர் பிள்ளை ஷெறோனைக் கொண்டு இங்கிலிசில வாசிப்பிச்சுக் கேட்டவ. அந்தக் கிணத்துக் கதையை இரண்டு தரம் கேட்டவ. கிறிஸ்துராஜா இப்பவும் அப்பிடித் தான் கதைக்கிறாரோ எண்டு அடுத்த கடிதத்தில எழுது.

இஞ்சயும் அந்தக் காத்து அடிக்குது. போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய ஒருத்தர் மேசை போட்டு இருந்தார், அந்தச் சட்டம் வேண்டாமெண்டு கொழும்புப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப எண்டு சனத்திட்டக் கையெழுத்து வாங்கினார். நானும் வைச்சன். வைக்காட்டி ஏன் வைக்கேல்லை எண்டு கேப்பினம். எனக்குப் பக்கத்தில ஜெனோசன் நிண்டவன். அவனும் வைச்சான். வெளியில வந்து பஸ் ஸ்டொப்பில சத்தி எடுத்தான்.

நீ கேட்டாய், கேஸுக்கும் ஊர்வலத்துக்கும் என்ன தொடுப்பெண்டு. முதல் இன்ரவியூவில பெடியன் பயந்து போய் வேற கதை சொல்லிப்போட்டான். ஆமிக் கதை பொய். உள்ளது வேற. இப்ப அதைச் சொல்ல வேணும். அவ்வளவு தான் இண்டைக்கு என்னால எழுத ஏலும்.

சிலுவை போடேல்லை எண்டு திரும்பவும் பேசாதை.

அண்ணை

✝
இயேசு, மரி, சூசை துணை

மன்னார்
21.06.2023

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம் எண்டு எழுதக் கை வருகுது, ஆனா மனம் சுகமில்லை. எண்ணெய் வந்தது. கிறிஸ்துராஜாவும் தன்ர தோளுக்குக் கொஞ்சம் எடுத்தவர்.

அண்ணை, உள்ளது வேற எண்டா என்னது? நான் பெத்த பிள்ளையைப் பற்றி நான் தானே கடைசியா அறியிறன் போல கிடக்கு. இயக்கமோ? பொலிசோ? ஏதும் களவோ?

இஞ்ச ஒரு கூடாத விசயம் நடந்தது. கடற்கரை றோட்டு டினேஷைத் தெரியும் தானே? எங்கட ஜெனோசனோட கோயில் பீடத்தில பூசைக்கு உதவி செய்த பெடியன், இரண்டு பேரும் ஒண்டா வளந்தவை. அவன்ர போனில என்னவோ படம் இருந்ததாம். ஊர்வலம் போன பெடியள் தான் போய் அடிச்சவங்கள். தலையை மழிச்சு, கோயில் வாசலில முழங்காலில இருத்தி வைச்சிருந்தாங்கள். நான் தண்ணி கொண்டு போனன். கிறிஸ்துராஜா செம்பைத் தட்டி விட்டார். "உனக்கேன் இந்தத் துடிப்பு?" எண்டார். விடிய டினேஷ் ஊரில இல்லை. கொழும்புக்கு எண்டு ஆரோ சொல்லுகினம், கடலுக்கு எண்டும் சொல்லுகினம்.

அந்தப் பெடியன் என்னைப் பாத்து "மாமி, ஜெனோ சுகமோ?" எண்டு கேட்டவன். அவ்வளவு அடி வாங்கிப்போட்டு அதைக் கேக்கிறான் அண்ணை.

கெதியாப் பதில் போடுங்கோ.

றோஸ்மலர்

✝
மிச்சம்
16.07.2023

அன்புத் தங்கச்சிக்கு,

மேல பார், சிலுவை போட்டிருக்கிறன். நீ தனிய இருக்கேக்க இதை வாசி. கதவைச் சாத்திப்போட்டு இரு.

ஜெனோசனும் டினேஷ் மாதிரித் தான்.

அவன் வாயால எனக்குச் சொன்னவன். நான் முதல் கத்தினன், பொய்யேன் சொல்லுவான். பிறகு பாத்தன், சுவரோட சாஞ்சு நிண்டு நடுங்கிறான். மழையில நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி. அடிக்கப் போறன் எண்டு நினைச்சிட்டான் றோஸ். உன்ர பிள்ளை, நான் தூக்கி வளத்த பிள்ளை, எனக்குப் பயந்து நடுங்கிறான். எனக்கு அதோட கோவம் போயிட்டுது.

இன்ரவியூவில ஏன் பொய் சொன்னவன் எண்டும் கேள். உள்ளுக்குப் போய் இருந்தா மொழிபெயர்க்க வந்திருக்கிறது ஆர்? எங்கட கொட்வின்! ஞாயிறு பூசையில காணிக்கைப் பை நீட்டிற அதே கொட்வின். அந்த மனுசனுக்கு முன்னால உள்ளதைச் சொன்னா அடுத்த ஞாயிறு இஞ்ச மிச்சம் ஊர் முழுக்கத் தெரியும், அதுக்கடுத்த நாள் மன்னார் முழுக்கத் தெரியும் எண்டு பயந்து, வாயில வந்த ஆமிக் கதையைச் சொல்லிப்போட்டான். அது பொய் எண்டு ஹோம் ஒபிஸும் கண்டு பிடிச்சிட்டுது. இப்ப உண்மையைச் சொன்னாலும் நம்பிறாங்களில்லை.

அவனை அனுப்பினா என்ன நடக்கும் எண்டு நீயே எழுதிப்போட்டாய். கிணறும் உன்ர வளவில தான் இருக்கு.

இந்தக் கடிதத்தை அடுப்புக்க போடு. என்னை எவ்வளவும் பேசு, அவனைச் சபிச்சிடாதை.

அண்ணை அருள்நேசன்

மிச்சம்
03.09.2023

தங்கச்சி,

சுகமோ? கடிதம் கிடைச்சுதோ? மடு மாதா பெருநாளும் முடிஞ்சுது, உன்னட்ட இருந்து ஒரு எழுத்தில்லை. போன் எடுத்தா கிறிஸ்துராஜா எடுக்கிறார், "அண்ணி கோயிலில" எண்டிறார். காலமையும் கோயில், பின்னேரமும் கோயிலோ?

அந்தக் கடிதம் உன்ர கைக்குத் தான் வந்ததோ எண்டு நினைக்க நினைக்க எனக்கு ஸ்டியரிங் பிடிக்க ஏலாமல் கிடக்கு. ஜெனோசன் ஒவ்வொரு நாளும் கதவடியில கிடக்கிற தபாலைக் கிளறிப் பாக்கிறான். "அம்மா எழுதினவவோ மாமா?" எண்டு கேக்கிறதையும் இப்ப விட்டிட்டான்.

ஒரு வரி எழுது றோஸ். திட்டியாவது எழுது.

அண்ணை

✝
இயேசு, மரி, சூசை துணை

மன்னார்
10.09.2023

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கட கடிதம் என்ர கைக்குத் தான் வந்தது. எரிச்சுப்போட்டன். சுகமோ எண்டு கேக்காதேங்கோ.

வாசிச்ச அண்டு எனக்குக் கோவமே வரேல்லை. தேசிக்காய்த் தண்ணி கரைச்சது தான் நினைவுக்கு வந்தது. நான் கை தட்டினது என்ர பிள்ளையைக் கிணத்துக்க தள்ளுறதுக்கு எல்லே அண்ணை? ஆரிட்டச் சொல்லி அழுறது? மாதாவிட்டத் தான் சொன்னன். அது காணாமல் ஒரு பூசைக்கும் குடுத்தன். ஜெனோசன் மட்டுமில்லை, பாவம், டினேஷுக்கும் ஒருத்தரும் செபிக்க மாட்டினமே எண்டு இரண்டு பேரின்ர பெயரையும் சுவாமியிட்டக் குடுத்தன். "டினேஷ், ஜெனோசன் இருவருக்காகவும்" எண்டு. சுவாமி தன்ர மனசுக்குள்ள வைச்சுச் செய்வார் எண்டு நினைச்சன். பூசைக்கு முன்னம் ஆராருக்காகப் பூசை எண்ட கருத்துக்களை மைக்கில வாசிக்கிறது மூப்பர் எண்டது என்ர மரமண்டைக்கு வரேல்லை.

கிறிஸ்துராஜா தான் வாசிச்சவர். டினேஷ் எண்டு வாசிச்சார். ஜெனோசன் எண்டு வாசிக்கேக்க குரல் நிண்டுது. கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பாத்தது.

பூசை முடிய முத்தத்தில வைச்சு எல்லாருக்கும் முன்னால சொன்னார், "அவன் இஞ்ச வந்து இறங்கினா உயிரோட திரும்ப மாட்டான், அண்ணன்ர பிள்ளை எண்டும் பாக்க மாட்டன்" எண்டு. போனையும் வாங்கி வைச்சிட்டார். தபால்காரப் பெடியன் நல்லவன், கடிதத்தை என்ர கையில மட்டும் தருவன் எண்டிருக்கிறான். இது ஆஸ்பத்திரிக்கு எண்டு சொல்லி மன்னார் ரவுணுக்கு வந்து தபாலில போடுறன்.

நான் தான் பிள்ளையைக் காட்டிக் குடுத்திட்டன்.

றோஸ்மலர்

மிச்சம்
01.10.2023

தங்கச்சி,

உனக்கென்ன விசரோ? பெயரைக் குடுத்துப் பூசையோ? அதுவும் டினேஷின்ர பெயரோட சேத்தோ? கடிதத்தைக் கிழிச்சு எறிஞ்சன், பிறகு குனிஞ்சு பொறுக்கினன். உன்னைப் பேசி என்ன? நீ வேற எங்க போய் அழுவாய்?

ஜெனோசனுக்கு இதைச் சொல்லாமல் இருக்க ஏலாது. சொன்னன். "அம்மா எனக்காகப் பூசை குடுத்தவவோ?" எண்டது மட்டும் தான் அவன்ர காதில விழுந்தது. சிரிச்சான். அவன் சிரிச்சு எவ்வளவு காலம்.

இஞ்சயும் கதை வந்து சேந்திட்டுது. தமிழ்ப் பூசையில நான் இருக்கிற வாங்கில இப்ப ஒருத்தரும் வந்து இருக்கினமில்லை. கொட்வின் பை நீட்டேக்க என்ர முகத்தைப் பாக்கிறதில்லை. வீட்டு வாசலில கார் நிண்டா யன்னலால பாக்கிறன். ஆரெண்டு பயப்பிடுறன் எண்டு எனக்கே தெரியேல்லை.

இனி எழுதப் போறதை எழுத எனக்கு வெக்கமா இருக்கு. லோயர் பிள்ளை சொல்லுறா, பெத்த தாய் தன்ர கையால எழுதினா ஜட்ஜ் கேப்பாராம். வந்தா என்ன நடக்கும், வீட்டில இடமிருக்கோ எண்டு. ஆனா அது கோர்ட்டில வாசிக்கப்படும். கிறிஸ்துராஜாவுக்குத் தெரிய வந்தா நீ அந்த வளவில தனிய.

நான் உன்னைக் கேக்கேல்லை. லோயர் சொன்னதைச் சொன்னன்.

அண்ணை

மன்னார்
19.10.2023

மதிப்புக்குரிய நீதவான் அவர்களுக்கு,

ஜெனோசனின் தாயாகிய றோஸ்மலர் என் சொந்தக் கையால் எழுதிக் கொடுப்பது.

ஜெனோசன் ஆண்களோடு வாழ விரும்புகிறவன் என்று நான் அறிவேன். அவனோடு வளர்ந்த ஒரு பையனும் அப்படிப்பட்டவன் என்று சொல்லி எங்கள் ஊரில் அடித்துத் தலை மழித்தார்கள். என் மகனின் பெயர் கோயிலில் எல்லோர் முன்னும் வாசிக்கப்பட்டது. என் கணவரின் தம்பி, கோயில் மூப்பர், அவன் வந்தால் உயிரோடு திரும்ப மாட்டான் என்று முற்றத்தில் வைத்துச் சொன்னார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அன்று முதல் எனக்கு மகன் இல்லை. அவனை நினைத்து நான் அழுவதும் இல்லை. அவன் வந்தால் என் வீட்டுக் கதவை நானே பூட்டுவேன். ஒரு வாய் தண்ணீரும் கொடுக்க மாட்டேன்.

அவன் இந்த ஊருக்கு வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது. நான் செத்தாலும் வரக் கூடாது.

றோஸ்மலர்

✝
மிச்சம்
18.12.2023

அன்புத் தங்கச்சிக்கு,

வெண்டிட்டம்! அப்பீல் வெண்டிட்டம். உன்ர பிள்ளை இஞ்ச இருக்கலாம், ஒருத்தரும் அனுப்பேலாது. நான் டிப்போவில நிண்டு குழந்தைப்பிள்ளை மாதிரிக் குளறி அழுதன். நீ சுகமோ? நத்தார்ப் பெருநாளுக்குப் பலகாரம் சுடுறியோ?

கோர்ட் அண்டு நடந்ததைக் கேள். மொழிபெயர்க்க வந்து நிக்கிறது திரும்பவும் கொட்வின்! எனக்கு உயிர் போய் வந்துது. ஆளை மாத்த வேணுமோ எண்டு ஜட்ஜ் கேட்டார். ஜெனோசன் எழும்பி, "இவரே இருக்கட்டும்" எண்டான். பிறகு தமிழில சொன்னான்: "நான் ஆம்பிளையளை விரும்பிற ஆள். அண்டைக்கு இந்த மனுசனுக்குப் பயந்து தான் பொய் சொன்னனான்." மொழிபெயர்க்கிற ஆள் "அவர் சொல்லுறார்" எண்டு சொல்லப்படாதாம் றோஸ், "நான்" எண்டு தான் சொல்ல வேணுமாம், அது தான் அவையின்ர வேலை முறை. கொட்வின் எழும்பி நிண்டு, தன்ர வாயால, ஒரு சொல் விடாமல், நான் ஆம்பிளையளை விரும்பிற ஆள், நான் இந்த மனுசனுக்குப் பயந்தனான் எண்டு இங்கிலிசில சொன்னார். சொல்லி முடியக் கிளாஸில இருந்த தண்ணியைக் குடிச்சார்.

உன்ர கடிதத்தையும் வாசிச்சினம். "எனக்கு மகன் இல்லை" எண்ட இடத்தில பெடியன் மேசையில தலையைக் கவிட்டிட்டான். வீட்டை வந்தும் சாப்பிடேல்லை. நான் உன்ர பழைய கடிதங்களையும் அதையும் மேசையில விரிச்சு வைச்சன். "மேல பாரடா மோடன், எல்லாத்திலயும் சிலுவை இருக்கு, இதில இருக்கோ?" எண்டன். அம்மம்மா சொல்லித் தந்த கதையைச் சொன்னன். விரலால அந்த வெறும் இடத்தைத் தடவித் தடவிப் பாத்துக்கொண்டு இருந்தவன். பிறகு சோறு கேட்டான்.

ஞாயிறு நன்றிப் பூசை குடுத்தனான். ஜெனோசனுக்கு விசா கிடைச்சதுக்கு எண்டு மட்டும் தான் வாசிச்சவை, வேற ஒண்டுமில்லை.

அண்ணை

✝
இயேசு, மரி, சூசை துணை

மன்னார்
11.01.2024

அன்புள்ள அண்ணைக்கும் என்ர செல்ல மகன் ஜெனோசனுக்கும்,

மாதா உங்களைக் காப்பாத்தட்டும். மகனே, சிலுவை இல்லாத கடிதத்தில உள்ள மூப்பர் சொன்ன கதை உண்மை, அம்மாவின்ர கதை பொய். நான் அழாத நாளில்லை. நீ ஆரை விரும்பினாலும் என்ர பிள்ளை. இது சிலுவை போட்டு எழுதிறது.

அண்ணை, என்னைப் பேசின வாயால நீங்களும் பெயர் சொல்லிப் பூசை குடுத்திட்டியளே! இஞ்ச அண்டு பின்னேரமே தெரியும். தோத்த கேஸ் என்னண்டு வெண்டது, ஆர் என்ன எழுதிக் குடுத்தது எண்டு கிறிஸ்துராஜா குடைஞ்சு குடைஞ்சு கேக்கிறார். ஊரின்ர பெயரையும் கோயிலின்ர பெயரையும் வெள்ளைக்காரனுக்கு முன்னால நாறடிச்சிட்டாளாம். ஜெனோசன் வந்து அது எல்லாம் பொய் எண்டு சொல்ல வேணுமாம். இப்ப நான் ரவுணுக்குப் போறதெண்டாலும் ஆள் கூட வருகுது. தபால்காரப் பெடியனையும் மாத்தியாச்சு. இது ஒரு கன்னியர்மடத்துச் சிஸ்டரின்ர கையில குடுத்து விடுறன். இனி இப்பிடி அனுப்ப ஏலுமோ தெரியாது.

ஒண்டை மட்டும் நெஞ்சில வைச்சிருங்கோ. என்ர கையெழுத்தில கடிதம் வந்தா முதல் மேல பாருங்கோ. சிலுவை இருந்தா என்ர சொல். இல்லாட்டி என்ர பக்கத்தில ஆரோ இருக்கினம்.

எனக்குச் சரியான பயம் அண்ணை. பிள்ளைக்குப் புட்டெண்டா விருப்பம், ஷெறோனை அவிச்சுக் குடுக்கச் சொல்லுங்கோ.

அம்மா

மன்னார்
04.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் இறைவனை மன்றாடுகிறேன்.

கிறிஸ்துராஜா என்னை மிகவும் நன்றாகப் பார்க்கிறார். நடந்ததை எல்லாம் அவர் மன்னித்து விட்டார். ஊரில் ஒருவருக்கும் இப்போது கோபம் இல்லை. சுவாமியும் ஜெனோசனைச் சுகம் விசாரித்தார்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம். டொக்டர் கனகாலம் இருக்க மாட்டேன் என்கிறார். கடைசியாக மகனின் முகத்தை ஒருமுறை பார்க்க ஆசையாக இருக்கிறது. அவனை உடனே வரச் சொல்லுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை. வந்து இறங்கும் நாளை மட்டும் முன்கூட்டி அறிவியுங்கள். கிறிஸ்துராஜா வாகனம் கொண்டு எயார்போட்டுக்கு வருவார்.

கதவு திறந்தே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை
றோஸ்மலர்